உள்ளுக்கு எத்தனை வயசுங்க மாப்ளே?

ஏனுங்க மாப்ளே, காசிக்குப் பொறப்பட்டுட்டீங்களாமா? நல்ல காரியமுங்க. அறுபத்தெட்டு வயசுல கங்கையில முழுகிப் பாவத்தைத் தொலைக்கோணுந்தான். தொலைக்கப் போறவருக்குக் கூலிங் கிளாசு எதுக்குங்க? மீசைக்கு மை வேற!

கோவிச்சுக்காதீங்க, சும்மா கேட்டேன். பேரன் ஒண்ணு படிச்சுச் சொன்னான். டென்மார்க்குல சனங்களைக் கேட்டு 2006-ல ஒரு ஆராய்ச்சி போட்டிருக்கறாங்க. நாப்பதைத் தாண்டுன ஆளுக, இருக்கற வயசுல அஞ்சுல ஒரு பங்கைக் கழிச்சுட்டுத்தான் மனசுக்குள்ள வச்சிருக்கறாங்களாமா. அப்படிப் பாத்தா உங்களுக்கு உள்ளுக்கு அம்பத்திநாலுங்க. எனக்குக் கழிச்சாலும் பெருசா ஒண்ணும் தேறலை, அது கெடக்குது.

உள்ளுக்கும் கெழடு தட்டுனவன் புண்ணியத்துக்கும் ஓய்வுக்கும் போவான். உள்ளுக்கு எளவட்டமா இருக்கறவன் பாக்காததைப் பாக்கப் போவான். ஊருக்குச் சொல்றப்ப மட்டும் ரெண்டு பேரும் 'சாமி கும்பிட'ம்பாங்க. அறநிலையத்துறை ராமேசுவரத்துல இருந்து காசிக்கு இலவசமாக் கூட்டிட்டுப் போறாங்களே, அதுக்கு வயசு 60-ல இருந்து 70. மனு எழுதறப்பக் கை நடுங்கும். கங்கா ஆரத்திக்கு முன்வரிசை பிடிக்கறப்ப அதே கையில வர்ற பலத்தைப் பாக்கோணுமே!

காசி வரைக்கும் எதுக்குங்க? மேட்டுப்பாளையத்துல ஊட்டி ரயிலேறிப் பாருங்க. 46 கிலோமீட்டரு, 16 குகை. இருட்டு வந்தா 'ஓ'ன்னு கூவறது பொடுசுக மட்டும்னு நெனைச்சீங்களா? வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பாருங்க, பென்சன்காரரு ஒருத்தரு தொண்டையைச் செருமீட்டு உக்காந்திருப்பாரு.

அதனால ஆசையா இருக்குதுன்னே சொல்லீட்டுப் போங்க. எங்க அம்மிணியையும் கூட்டிட்டுப் போங்க. அவ முட்டிவலி உங்க பங்காளி வீட்டு விசேசத்துக்குத்தான் வரும், ரயிலுக்கு வராது.

ஒரு எடத்துல மட்டும் வயசைக் கழிக்காதீங்க. ஆம்பளைக்கு 60 ஆனா டிக்கெட்டுல 40 சதம் சலுகைன்னு இருந்ததை 2020-ல கொரோனாவோட நிறுத்திப்போட்டாங்க. கெழவன்னு ஒத்துக்கறதுல இப்ப மிச்சம் கீழ் பெர்த்து ஒண்ணுதான். அம்பத்திநாலுன்னு நெனைச்சு மேல தொத்தி ஏறாதீங்க, எறக்கறதுக்கு நானில்லை.

அப்புறம், காசிக்குப் போனா பிடிச்ச காய் ஒண்ணை விட்டுட்டு வரோணுமில்லீங்க? பாகக்காயை விட்டுட்டேன்னு வந்து நிக்காதீங்க. நீங்க அதை என்னைக்குத் தொட்டீங்கன்னு அம்மிணிக்குத் தெரியும்.