சித்தப்பா நின்ற வாக்கில் எடுத்த படம்

திருமணக் காணொளியைத் தொகுப்பவரிடம் வந்து சேரும் கோப்புகள் ஒரே பிரிதிறனில், அதாவது அகலத்திலும் உயரத்திலும் ஒரே எண்ணிக்கையிலான பிக்சல்களுடன், அமைவதில்லை. முதன்மைக் கேமரா தாலி கட்டுவதையும் ட்ரோன் மண்டபத்து மாடியின் தண்ணீர்த் தொட்டியையும் 3840×2160 அளவில் பதிவு செய்ய, பெற்றோர் திருமணத்தின் பழைய கேசட்டிலிருந்து எடுத்த நகலோ 720×576இல் நின்றுவிடுகிறது. பிக்சல் கணக்கில் இது முன்னதில் சரியாக 20இல் ஒரு பங்கு. இவற்றை டைம்லைன் எனப்படும் ஒரே காலக்கோட்டில் சண்டையின்றி இருத்தும் முறையும், அதற்கு உதவும் ப்ராக்ஸி என்னும் சிறு நகல்களின் பயனுமே இக்கட்டுரையின் பொருள். அதற்குமுன் தாண்ட வேண்டிய சிறு தடை ஒன்று உண்டு: சித்தப்பாவின் கைப்பேசி.

கெட்டிமேளம் முழங்கும் வேளையில் கேமராவுக்கு முன்னால் போய், முதுகால் தாலியை மறைத்துக்கொண்டு, கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடிக்கும் உரிமையைச் சித்தப்பாக்களுக்கு எந்தச் சாத்திரம் வழங்கியது என்பது ஆய்வுக்குரியது. அவ்வாறு கிடைக்கும் 1080×1920 படத்தைக் கிடைமட்டச் சட்டத்தின் உயரத்துக்குப் பொருத்தினால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. எஞ்சிய பக்கங்களைக் கறுப்பாக விடுவதே நேர்மை. தொகுப்பாளர் உலகமோ அதே படத்தை மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக்கி, மங்கலாக்கி, பின்னால் விரித்துவிடுகிறது. நடுவில் மாப்பிள்ளை தெளிவாக நிற்க, இருமருங்கிலும் அவருடைய சட்டை பட்டு மலைத்தொடராக அசைகிறது. அவர் தும்மினால் மலையும் தும்முகிறது. அண்மையில் அனுப்பிய வேகத்திலேயே திரும்பி வந்த தொகுப்பொன்றில், “ஓரத்தில் நிற்பது யார், நம் பக்கத்து ஆளா?” என்று பெண்ணின் பெரியம்மா வினவியிருக்கிறார். நின்றது மாப்பிள்ளையின் தோள்பட்டை. கறுப்பாக மாற்றித் தரலாம் என்றால், கல்யாண வீடியோவில் கறுப்பு ஆகாதாம்.

இத்தனைக்கும் அந்தக் கோப்பு வாட்ஸ்அப் வழியே சுருங்கி வந்தது. டாகுமென்ட்டாக அனுப்பினால் பிக்சல்கள் குறையாது என்று சொல்லப்பட்டபோது, தாம் வைத்திருப்பது டாகுமென்ட் அல்ல, வீடியோ என்று சித்தப்பா திருத்தினார்.

தற்போது அக்குடும்பம் முழுத் தொகுப்பையும் கைப்பேசியில் பார்ப்பதற்கு ஏற்பச் செங்குத்தாகவும் ஒரு பிரதி கேட்டிருக்கிறது. அதில் முதன்மைக் கேமராவின் படங்களுக்கெல்லாம் மேலும் கீழும் மங்கல் பூச வேண்டியிருக்க, சட்டத்தை முழுமையாக நிரப்பப்போவது சித்தப்பாவின் பதிவு மட்டுமே.