கட்டைவிரல் காலம்: கேள்வி - பதில்

கே: பிளாக்பெர்ரி என்றால் போன்தானே? அதை ஏன் மின்னஞ்சல் கருவி என்கிறார்கள்? (திண்டுக்கல் வாசகர்)

ப: முதலில் அது போனே இல்லை. கனடாவில் வாட்டர்லூ நகரத்து ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம், சுருக்கமாக ரிம், 1999-ல் கொண்டுவந்த பிளாக்பெர்ரி 850 பார்வைக்கு ஒரு பேஜர். மின்னஞ்சல் வரும், பதில் போடலாம், அவ்வளவுதான். 2002-ல் வந்த 5810-ல்தான் பேச்சு சேர்ந்தது. அதிலும் இயர்போன் ஒயரை மாட்டினால்தான் பேசலாம்.

கே: பேசவே முடியாத கருவியை ஏன் அப்படிக் கொண்டாடினார்கள்? (சேலம் வாசகி)

ப: தபால் ஆபீசுக்கு நடந்துபோய் "எனக்கு ஏதாவது கடிதம் இருக்கிறதா?" என்று கேட்பது ஒன்று. தபால்காரர் வாசலில் வந்து மணி அடிப்பது வேறொன்று. அதுவரை மின்னஞ்சல் முதல் வகை: கணினியைத் திறந்து, மோடத்தில் இணைப்புப் போட்டு, காத்திருந்து பார்க்க வேண்டும். பிளாக்பெர்ரியில் கடிதமே இடுப்பில் மாட்டிய கருவிக்கு வந்தது. பயன்படுத்தியவர்கள் முதலில் சொன்ன பாராட்டு இதுதான்: "நான் எதுவுமே செய்யவில்லை, வந்துவிட்டது." அலுவலக முகவரிக்கு வந்த கடிதம் அதே முகவரியோடு கையில் கிடைத்தது, பதிலும் அந்த முகவரியிலிருந்தே போனது. புது முகவரியை யாருக்கும் சொல்லவேண்டிய அவசியமில்லை.

கே: ஒற்றை பென்சில் பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடியதாமே, நிஜமா? (திருச்சி வாசகர்)

ப: நிஜம். வேலை குறைவு, அதனால் பசியும் குறைவு. கறுப்பு வெள்ளைத் திரை, அதில் எட்டு வரிக்குள் எழுத்து, உள்ளே இன்டெல் 386 சிப். செய்தி போனது பேச்சு வலையமைப்பில் அல்ல. மோபிடெக்ஸ், டேட்டாடேக் என்று தரவுக்கென்றே இருந்த வலையமைப்புகளில். மோபிடெக்ஸின் வேகம் வினாடிக்கு 8,000 பிட். படம் அனுப்பினால் திணறும், நாலு வரிக் கடிதத்துக்குத் தாராளம். நண்பர் ஒருவர் பத்திரமாக வைத்திருக்கும் பிளாக்பெர்ரி 950-ஐ ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. வலது ஓரத்தில் ஒரு பல்சக்கரம். கட்டைவிரலால் உருட்டினால் வரி வரியாக இறங்குகிறது, அமுக்கினால் திறக்கிறது. சொல்லித்தர ஆள் வேண்டாம். இரண்டு நிமிடத்தில் விரலுக்குப் பழகிவிட்டது.

கே: அத்தனை சின்ன விசைகளில் எப்படி டைப் அடித்தார்கள்? (நாகர்கோவில் வாசகி)

ப: பத்து விரல் பழக்கத்தை விட்டு இரண்டு கட்டைவிரல்களை நம்பினார்கள். வாங்கும்முன் எல்லோருக்கும் இருந்த சந்தேகம் இதுதான். ஒரு வாரம் கழித்து அதிகம் புகழப்பட்டதும் இதுவே. கருவியும் கைகொடுத்தது. இடைவெளி விசையை இருமுறை தட்டினால் தானே முற்றுப்புள்ளி. எழுத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பெரிய எழுத்து. வரிசையாக உருண்டு நிற்கும் அந்த விசைகள் பழத்தின் மணிகளை நினைவூட்டியதால்தான், பெயர் சூட்டுவதையே தொழிலாகக் கொண்ட லெக்சிகன் நிறுவனம் 'பிளாக்பெர்ரி' என்று வைத்தது.

கே: குறையே சொல்லவில்லையா யாரும்? (புதுச்சேரி வாசகர்)

ப: நிறையச் சொன்னார்கள், நியாயமாகவும் சொன்னார்கள். இணைப்புக் கோப்பைத் திறக்க முடியாது. "அறிக்கை இணைப்பில் உள்ளது" என்ற வரி மட்டும் வந்து நிற்கும். அலுவலக சர்வர் ஏற்பாடு இல்லாதவர்கள் மேசைக் கணினியை இரவும் பகலும் ஓடவிட வேண்டும். கடிதத்தைக் கருவிக்குத் தள்ளிவிடுவது அந்தக் கணினிதான். துப்புரவுப் பணியாளர் சுவிட்சை அணைத்துவிட்டால் அன்றைய தபால் அத்தோடு சரி. நகரத்தைத் தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடும். இடுப்பில் ஒரு கருவி, பையில் ஒரு போன் என்று இரட்டைச் சுமை வேறு.

கே: போட்டிக்கு யாரும் இல்லையா? (கோவை வாசகர்)

ப: அதே 1999-ல் பாம் VII வந்தது. திரை பெரிது, தொடுகோலால் எழுதலாம், இணையத்திலிருந்து தகவலும் எடுக்கலாம். ஆனால் ஆன்டெனாவை நிமிர்த்தி, நாமாகப் போய் அஞ்சலை எடுத்துவர வேண்டும். கட்டணமோ கிலோபைட் கணக்கில். வசதிகளை எண்ணிப் பார்த்தவர் பாம் வாங்கினார். கடிதமே முக்கியம் என்றவர் பிளாக்பெர்ரி வாங்கினார்.

கே: அது உயிர்காக்கும் கருவி என்று பெயர் வாங்கியது எப்போது? (மதுரை வாசகி)

ப: 2001 செப்டம்பர் 11, அமெரிக்காவில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த நாளில். நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்ததில் செல்போன் இணைப்புகள் நெரிசலில் சிக்கின. தனிப்பாதையில் போன பிளாக்பெர்ரிக் கடிதங்கள் சேர்ந்தன. "பத்திரமாக இருக்கிறேன்" என்ற ஒற்றை வரி வீட்டுக்கு எட்டியபோது, திரை எத்தனை அங்குலம் என்று யார் கேட்பார்கள்? அதன்பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன் உறுப்பினர்களுக்கு இந்தக் கருவியைக் கொடுத்தது.

கே: பிறகு ஏன் 'கிராக்பெர்ரி' என்று போதைப்பொருள் பெயர் சூட்டினார்கள்? (ஈரோடு வாசகர்)

ப: சூட்டியவர்கள் எதிரிகள் அல்ல, பயன்படுத்தியவர்களேதான். 2006-ல் வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்ட் அகராதி அதை அந்த ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. வாசலில் மணி அடிக்கும் தபால்காரர் நள்ளிரவிலும் அடித்தால்? சாப்பாட்டு மேசைக்கு அடியில் கட்டைவிரல் ஓடியது. மனைவி பேசப் பேசக் கண் இடுப்புக்குப் போனது. கட்டைவிரல் வலிக்கே 'பிளாக்பெர்ரி தம்ப்' என்று பெயர் வந்தது. பாராட்டியவர்கள் சொன்ன "வந்துவிட்டது" என்பதையே வீட்டில் இருந்தவர்கள் கொஞ்சம் மாற்றிப் புகாராகச் சொன்னார்கள்: "வந்துகொண்டே இருக்கிறது."

கே: இன்றைக்கு நம் போனிலும் அதேதானே நடக்கிறது? தப்பு கருவியுடையதா, நம்முடையதா? (தஞ்சாவூர் வாசகி)

ப: பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவையை நிறுவனம் 2022 ஜனவரி 4-ல் நிறுத்திவிட்டது. அது தொடங்கிவைத்த பழக்கம் நிற்கவில்லை. கடிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது கருவியின் வேலை. அதை மனமாரப் புகழ்கிறேன். உடனே திறக்க வேண்டும் என்பது நாமே போட்டுக்கொண்ட விதி. அந்தச் சின்னக் கருவியில்கூடச் சக்கரம் தானாக உருண்டதில்லை. இன்று இரவு சாப்பிடும்போது போனை அடுத்த அறையில் வைத்துப் பாருங்கள். கடிதம் எங்கும் போய்விடாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார்.