எதில் செய்தால் என்ன?

கேள்வி: டூ-டி கேம் செய்ய ஆசை. எந்த மென்பொருளில் செய்வது: யூனிட்டியா, கோடோவா, கேம்மேக்கரா? ஆறு மாதமாக யூடியூப் பார்த்தும் முடிவு செய்ய முடியவில்லையே!

பதில்: அந்த ஆறு மாதத்தில் மூன்றிலும் தலா ஒரு பாம்பு விளையாட்டு செய்திருக்கலாம்! கைக்காசு போடாமல் தொடங்க, கோடோ. இலவசம், விற்றாலும் பங்கு கேட்காது. யூனிட்டியோ 2023-இல், ஒரு வரம்பைத் தாண்டினால் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, மறு ஆண்டே பின்வாங்கியது. உலகப் புகழ்பெற்ற ‘அண்டர்டேல்’ (2015) விளையாட்டு கேம்மேக்கரில் செய்தது. அதன் வசனங்களில் பல ஒரே பிரம்மாண்ட ஸ்விட்ச் கட்டளைக்குள் அடைபட்டிருக்கின்றன. புரோகிராமர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். விளையாடுகிறவருக்கு அதனால் என்ன? முதலில் ஒரு பொம்மையைத் தாவ வையுங்கள். தரைக்குள் புதைந்துபோகும். அதைத் தூக்கி நிறுத்தவே ஒரு வாரம் ஓடிவிடும்.