நலமாக இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி

அனுப்புநர்: எழும்பாத கணினிகளின் சார்பில் ஒரு கட்டுரையாளன்
பெறுநர்: விண்டோஸ் மீட்புப் பிரிவின் மேலான சமூகம், மைக்ரோசாஃப்ட் தலைமையகம், ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்
பொருள்: சேஃப் மோடுக்குள் நுழைய வழி வேண்டுதல் தொடர்பாக
பார்வை: எஃப்8 விசை (பணிக்காலம்: 1995 முதல் 2012 வரை)

ஐயன்மீர்,

உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியும் துணியாத ஒரு சீர்திருத்தத்தைத் தாங்கள் செய்து முடித்திருக்கிறீர்கள். நோயாளி முதலில் குணமாகிவிட வேண்டும்; அதன் பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தாராளமாக வரலாம். சேஃப் மோடு என்பது விண்டோஸின் அவசர சிகிச்சைப் பிரிவு. கெட்டுப்போன டிரைவர், சண்டைக்கார ஆன்டிவைரஸ், தானாக ஓடும் துக்கடா மென்பொருள்கள் எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிட்டு, உயிர் தரிக்கத் தேவையானவற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு கணினி எழும்பும் நிலை அது. விண்டோஸ் 95 காலத்திலிருந்து விண்டோஸ் 7 வரை அதற்கு எளிய வழி ஒன்று இருந்தது: பவர் பட்டனை அழுத்தியதும் எஃப்8-ஐத் தட்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அந்த விசைக்கு ஓய்வு கொடுத்தது. இன்று விண்டோஸ் 11-இல் அமைப்புகளைத் திறந்து, சிஸ்டம், ரெகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் என்று இறங்கி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு வரும் மீட்புத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று மேலும் மூன்று வாசல் கடந்து, மறுபடி ரீஸ்டார்ட் செய்து, 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். இந்த யாத்திரையின் முதல் படியான அமைப்புகள், நன்றாக ஓடும் விண்டோஸுக்கு உள்ளே இருக்கிறது. உள்நுழைவுத் திரையில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்கும் குறுக்குவழிக்கும் அந்தத் திரை வரைக்குமாவது கணினி வந்து சேர வேண்டும். அவ்வளவு தூரம் நடந்து வர முடிந்த நோயாளிக்கு ஸ்ட்ரெச்சர் எதற்கு?

தங்கள் தரப்பு நியாயத்தை நான் மறைக்கவில்லை. எஸ்எஸ்டி பொருத்திய புதுக் கணினிகள் அத்தனை வேகமாக எழும்புவதால், எஃப்8-ஐக் கவனிக்கக் கிடைக்கும் நேரம் 200 மில்லிநொடிக்கும் குறைவு என்று தங்கள் பொறியாளர்கள் 2012-லேயே விளக்கினார்கள். கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவர்கள் அளந்தே சொன்னார்கள். கணக்கு சரிதான், முடிவுதான் இடிக்கிறது. பிசிடிஎடிட் என்ற தொடக்க அமைப்புக் கருவியின் ஒரே ஒரு கட்டளையால் தொடக்கப் பட்டியலைப் பழைய முறைக்கு மாற்றினால், அதே வேகக் கணினியில் அதே எஃப்8 இன்றும் வேலை செய்கிறது. ஆக, விசை சாகவில்லை, பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறக்கும் கட்டளையை நோய் வருவதற்கு முன்பே கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஜோசியம் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை.

‘இரண்டு மூன்று முறை தொடர்ந்து எழும்பத் தவறினால் மீட்புத் திரை தானே வருமே’ என்பீர்கள். வரும். ஆனால் எது தவறுதல் என்பதைத் தீர்மானிப்பது விண்டோஸ். டெஸ்க்டாப் வரை வந்து, ஐந்து நிமிடம் கழித்து உறையும் கணினி, தங்கள் பதிவேட்டில் வெற்றிகரமாக எழும்பிய கணினி. அதற்குத் தங்கள் உதவிப் பக்கமே ஒரு வைத்தியம் சொல்கிறது: பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணை, போடு, எழும்பத் தொடங்கியதும் மறுபடி அணை. முப்பது ஆண்டுகளாக முறையாக ஷட்டவுன் செய்யுங்கள் என்று உபதேசித்த நிறுவனம், உதவி வேண்டுமென்றால் கழுத்தை நெரி என்கிறது. போகட்டும், எம்எஸ்கான்ஃபிக் கருவியில் ‘சேஃப் பூட்’ கட்டத்தை டிக் செய்யலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுக்கே போகும். அந்த சேஃப் மோடே எழும்பாவிட்டால் டிக்கை எடுக்கவும் உள்ளே போக முடியாது. அதிலிருந்து தப்ப மீட்புத் திரையின் கருப்புச் சன்னலில் மறுபடியும் பிசிடிஎடிட் மந்திரம் ஓத வேண்டும்.

பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கெடுபிடி என்பது அடுத்த சமாதானம். தொலைந்த மடிக்கணினியின் தகவல் திருடன் கைக்குப் போகக்கூடாது. அதற்கு வட்டைப் பூட்டும் பிட்லாக்கரும் அதன் 48 இலக்கச் சாவியும் தேவை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கஜானாவுக்குப் பூட்டு இருக்கும்போது தெருவாசலை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? ஒளித்தும் என்ன பயன்? ஸ்னாட்ச் என்ற ரான்சம்வேர், கணினியைச் சேஃப் மோடில் எழுப்பி, ஆன்டிவைரஸ் தூங்கும் அந்த நிலையில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பதை சோஃபோஸ் நிறுவனம் 2019-இல் அம்பலப்படுத்தியது. சேஃப் மோடில் எவையெவை ஏறலாம் என்ற ரெஜிஸ்ட்ரி பட்டியலையே அழித்து, அந்தக் கதவை அடியோடு பெயர்த்த வைரஸ்கள் அதற்கும் முன்பே உண்டு. திருடனுக்கு வழி தெரிகிறது, கதவைப் பெயர்க்கவும் தெரிகிறது. வீட்டுக்காரன்தான் வாசலில் நிற்கிறான்.

இதெல்லாம் அபூர்வம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பு ஒன்று, தங்கள் மதிப்பீட்டின்படியே 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் வீழ்த்தியது. தவறு தங்களுடையதன்று. பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து ஒன்றுதான்: ஆள் நேரில் போய், சேஃப் மோடிலோ மீட்புத் திரையிலோ புகுந்து, அந்த ஒரு கோப்பை அழிப்பது. நோய் இணையத்தில் வந்தது. மருந்து நடந்து போனது. வழியில் பிட்லாக்கர் சாவி கேட்டது. சாவி வைத்திருந்த சர்வரும் சில இடங்களில் நீலத்தில் கிடந்தது. அதன் பிறகு தாங்கள் கொண்டுவந்த குயிக் மெஷின் ரெகவரி, மீட்புத் திரையிலிருந்தே இணையத்தில் தீர்வு தேடுகிறது. பாராட்டுகிறேன். ஆனால் ஊரெங்கும் பரவிய கொள்ளைநோய்க்குத்தான் ரெட்மண்டில் மருந்து இருக்கும். ஒரு வீட்டில் ஒரு கணினிக்கு மட்டும் ஒவ்வாத பிரிண்டர் டிரைவரைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. அதை நீக்க வீட்டுக்காரனே உள்ளே போக வேண்டும்.

மீட்புத் திரை மட்டும் எப்போதும் நலமாக இருக்கும் என்று நம்பியதற்கும் பதில் கிடைத்துவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புக்குப் பிறகு, மீட்புத் திரையில் யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யவில்லை. ட்ரபிள்ஷூட் என்ற பொத்தான் பளிச்சென்று தெரிந்தது, தொடத்தான் கையில்லை. அன்றைக்குத்தான் விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்து, எல்லோரும் 11-க்கு வாருங்கள் என்றும் அழைத்திருந்தீர்கள். ஆறு நாளில் தனித் திருத்தம் வந்தது. கெட்டதைச் சரிசெய்யும் இடத்தையும் கெடக்கூடியதோடு சேர்த்தே புதுப்பித்தால் இரண்டும் ஒரே நாளில் படுக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எனவே சமூகத்திடம் கேட்பது மூன்றே மூன்று. எஃப்8 பூட்டைத் திறந்தே கொடுங்கள். வேகம் வேண்டியவர்கள் பூட்டிக்கொள்ளட்டும். கணினியை முதன்முதலில் அமைக்கும்போதே, மீட்புச் சாவி எங்கே போகிறது, சேஃப் மோடுக்கு எப்படிப் போவது என்று தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். திரையில் மட்டும் சொன்னால் திரை போன நாளில் அதுவும் போய்விடும். மீட்புத் திரையைத் தொடும் எந்தப் புதுப்பிப்பையும், வெளியே விடும் முன், தங்களில் ஒருவர் சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையால் ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும்.

மூன்றாவது கோரிக்கை நிறைவேறும்வரை பயன்படுத்திக்கொள்ள, 1987-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய வட்டச் செருகி வகையில் ஒரு பழைய விசைப்பலகையை இத்துடன் அனுப்பியுள்ளேன். அந்த அக்டோபர் வாரத்திலும் அது வேலை செய்தது.

இப்படிக்கு,
பவர் பட்டனில் விரலோடு, எட்டாவது நொடியில் இருப்பவன்

இணைப்பு: பிஎஸ்/2 விசைப்பலகை – 1