அலாரம் அடிக்கலை சார்!

ஆபீசுக்குத் தாமதமாக வருகிறவர்களில் பல ரகம் உண்டு. ரயில்மேல் பழி போடுகிறவர், மழைமேல் போடுகிறவர், ஊரிலிருந்து வந்திறங்கிய மாமனார்மேல் போடுகிறவர், ஒன்றுமே சொல்லாமல் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்பது மணியிலிருந்து அங்கேயே இருப்பவர்போலக் கம்ப்யூட்டரை முறைக்கிறவர். இவர்களெல்லாம் பழைய காலத்து ஆட்கள். இப்போது புதிதாக ஒரு ரகம் கிளம்பியிருக்கிறது. பழியைத் தூக்கி சாஃப்ட்வேர் தலையில் போடுகிற ரகம்.

“அலாரம் அடிக்கலை சார். பக்!”

அவ்வளவுதான். மேற்கொண்டு யாரும் குடைய முடியாது. ரயில் தாமதமா என்று ஆப்பில் பார்த்துவிடலாம். மழை பெய்ததா என்பதற்குச் சட்டையே சாட்சி. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் தலைமாட்டில் கிடந்த போன் வாயைத் திறந்ததா இல்லையா என்பதை மட்டும் எந்த விசாரணைக் கமிஷன் வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

நம்மவர் செங்கல்பட்டுவாசி. வேலை பாரிமுனையில். சீசன் டிக்கெட் கையில் இருக்கிறது. ஏழு மணிக்குள் பீச் வண்டியைப் பிடித்துவிட்டால் ஒன்பதரைக்கு ஆபீஸ். அதற்கு ஐந்து, ஐந்தரைக்காவது எழுந்தாக வேண்டும். எழுப்புகிற பொறுப்பு முழுவதையும் போனிடம் ஒப்படைத்துவிட்டதாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

இரவு பத்தரைக்கு அந்தச் சடங்கு தொடங்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அலாரமாகத் தட்டி உயிர் கொடுப்பார். 5.00, 5.10, 5.15, 5.20, அப்புறம் 5.28. அதென்ன இருபத்தெட்டு? “அஞ்சரைன்னு வெச்சா உடம்புக்குப் பழகிடும். இருபத்தெட்டுன்னா அது எதிர்பார்க்காது” என்பார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு. முதலாவதன் பெயர் ‘எழு’. இரண்டாவது ‘எழுந்திரு’. மூன்றாவது ‘ரயில்’. கடைசி அலாரத்தின் பெயர் ‘வேலை போய்விடும்’.

ஒன்றைத் தட்டியதும் திரையின் அடியில், இன்னும் இத்தனை மணி, இத்தனை நிமிடத்தில் அலாரம் ஒலிக்கும் என்று ஒரு வரி தோன்றி மறையுமல்லவா? அதை அவர் உரக்கப் படிப்பார். ஒருநாள் அப்படித்தான், “இன்னும் பதினெட்டு மணி முப்பது நிமிஷம்” என்று கணீரென்று படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்தார். அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, பதினெட்டு மணி நேரமா தூங்கப் போறீங்க? சாயங்காலம் அஞ்சுக்கு வெச்சிருக்கீங்க, பாருங்க.”

பார்த்தார். ஏஎம், பிஎம் மாறியிருந்தது. “இதுவும் ஒரு பக்தான்” என்று சொல்லிவிட்டு மாற்றினார்.

ஆளை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. உலகத்து அலாரக் கோளாறுகளின் வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதிகாரி முகத்தைச் சுளித்தால் போதும், 2010-லிருந்து ஆரம்பிப்பார். அந்த ஆண்டு ஐபோன்களில் ஐஓஎஸ் 4.1 ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் கடைசியில் நியூசிலாந்திலும், அக்டோபர் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலும் கோடைக்காக மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். திரையில் மணி சரியாகத்தான் காட்டியது. தினமும் அடிக்கும்படி வைத்திருந்த அலாரங்கள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக அடித்து ஜனங்களை எழுப்பிவிட்டன. அக்டோபர் 31 அன்று ஐரோப்பாவில் மணியைப் பின்னே தள்ளினார்கள். அங்கே அலாரம் ஒரு மணி நேரம் தாமதம். அரசாங்கம் கொடுத்த ஒரு மணி நேரத் தூக்கத்தோடு ஆப்பிள் தன் பங்குக்கு இன்னொரு மணி நேரம் சேர்த்துக் கொடுத்தது. நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் முறை. நவம்பர் 22-இல்தான் அடுத்த ஐஓஎஸ் வந்து சேர்ந்தது.

“அதெல்லாம் சரிய்யா” என்றார் அதிகாரி. “நம்ம ஊர்ல யார் மணியை மாத்துறாங்க?”

நியாயமான கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். 1945 அக்டோபரோடு அந்தக் கூத்து முடிந்தது. இப்போது செங்கல்பட்டில் மணியை யாரும் தொடுவதில்லை. நம்மவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்” என்று இருக்கைக்குப் போய்விட்டார்.

மறுமுறை 2011-ஐ எடுத்துக்கொண்டு வந்தார். இது உலகப் பொது. அந்தப் புத்தாண்டில், ஒரே ஒரு முறை அடிப்பதற்கென்று வைத்த ஐபோன் அலாரங்கள் ஜனவரி 1, 2 ஆகிய இரண்டு நாளும் ஊமையாகிவிட்டன. தினசரி அலாரங்களுக்கு ஒன்றுமில்லை. ஆப்பிள் நிறுவனமும் ஒப்புக்கொண்டது: இப்போதைக்குத் தினமும் அடிக்கிறபடி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரி 3 முதல் தானே சரியாகிவிடும் என்றது. அந்த 1-ஆம் தேதி சனிக்கிழமை. அதாவது சனி, ஞாயிறு இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை தானாகவே வேலைக்குத் திரும்பிய பிழை. மார்கழி நடு வேறு. அதிகாலைக் கோயிலுக்கென்று தனி அலாரம் வைத்துவிட்டுப் படுத்த ஐபோன்காரர் எவருக்கும் அன்று வெண்பொங்கல் கிடைத்திருக்க வழியில்லை.

கதை கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர்தான் கெடுத்தார். “அண்ணே, உங்ககிட்ட இருக்கறது ஆண்ட்ராய்டு ஆச்சே?”

நம்மவரிடம் ஐபோன் கிடையாது. எப்போதுமே இருந்ததில்லை. தவணையில் வாங்கிய, மூலையில் கீறல் விழுந்த ஆண்ட்ராய்டுதான்.

சொந்தமாக ஒரு பிழை இல்லாத குறை 2021 செப்டம்பரில் தீரப் பார்த்தது. கூகுளின் கடிகாரச் செயலியில் பலருக்கு அலாரம் அடிக்காமலே போனது. ஸ்பாட்டிஃபை பாட்டை அலாரமாக வைத்திருந்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். செய்தியைப் படித்த மாத்திரத்தில் நம்மவர் ஸ்பாட்டிஃபையை இறக்கி, எஸ்.பி.பி. பாட்டு ஒன்றைத் தேடி அலாரமாக வைத்துக்கொண்டு படுத்தார். அவர் இதையெல்லாம் செய்து முடிப்பதற்குள் அந்தக் கோளாறு சரியாகியிருந்தது. சரியாக ஐந்து மணிக்கு எஸ்.பி.பி. எழுப்பிவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

அதற்காக அவர் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. போன் இரவு முழுக்கக் கண்விழித்து மணி பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதுவும் தூங்குகிறது. தூங்குமுன் உள்ளே இருக்கிற கடிகாரச் சிப்பிடம், ஐந்து மணிக்கு என்னை எழுப்பு என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறது. அந்தச் சிப் போனை எழுப்ப வேண்டும். போன் செயலியை எழுப்ப வேண்டும். செயலி நம்மவரை எழுப்ப வேண்டும். நடுவில் யார் கண்ணயர்ந்தாலும் பீச் வண்டி போயே போச்சு. இதற்கிடையே பேட்டரியை மிச்சப்படுத்துகிற அக்கறை வேறு. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, செயலிகள் கேட்கிற சாதாரண அலாரங்களைத் தனித்தனியாக எழுப்பாமல், கொஞ்சம் பின்னே தள்ளிச் சேர்த்து எழுப்ப ஆரம்பித்தது. துல்லியமான நேரம் வேண்டுமென்றால் செயலி அதற்கென்று தனியாகக் கேட்க வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, அசையாமல் கிடக்கிற போனை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பியது. கடிகார அலாரத்துக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், அதற்கும் மேலே போய்ப் பின்னணியில் இருக்கிற செயலியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற போன் கம்பெனிகள் இருக்கின்றன. இரவில் போன் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனால் இன்னொரு வம்பு. பாஸ்வேர்டு போட்டுத் திறக்கும்வரை அலாரச் செயலியால் எழ முடியாத போன்கள் இருந்தன. திறக்காத போனிலும் அலாரம் அடிக்கிற ஏற்பாடு 2016-இல், ஆண்ட்ராய்டு 7-இல்தான் வந்தது.

நம்மவருக்கும் ஒருமுறை இப்படி அசல் கோளாறு வாய்த்தது. கணக்குப் போட்டு விடை சொன்னால்தான் வாயை மூடுகிற அலாரச் செயலி ஒன்றை மைத்துனன் ஏற்றிக் கொடுத்திருந்தான். பேட்டரி சேவர் அதை நள்ளிரவிலேயே தீர்த்துக்கட்டிவிட்டது. கலப்படமில்லாத, ஒரிஜினல் பக். என்ன பிரயோஜனம், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதைவிடக் கொடுமை, ஐந்து மணிக்குத் தானாகவே விழிப்பு வந்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஆபீசில் எல்லோரிடமும் சொன்னார், ஒருத்தர்கூட நம்பவில்லை.

லெபனான் கதையை மட்டும் அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 2023 மார்ச்சில், கோடை நேரத்துக்கு மாற மூன்று நாள் இருக்கும்போது, ரமலான் முடியட்டும் என்று அந்த நாட்டு அரசு ஒத்திவைத்தது. மாரோனைட் திருச்சபை முடியாது என்றது. நாட்டில் ஒரே சமயத்தில் இரண்டு மணி. போன்களுக்கு எந்த ஊரில் எப்போது நேரம் மாறும் என்ற அட்டவணை முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும். அரசு மனம் மாறியது அவற்றுக்கு எப்படித் தெரியும்? சில போன்கள் மாறின, சில மாறவில்லை. போன் கம்பெனிகள், நீங்களே கையால் மணியை வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பின. சில நாட்களில் அரசு இறங்கிவந்து முடிவை மாற்றிக்கொண்டது. “ஒரு நாட்டுக்கே மணி தெரியலை சார். நான் எம்மாத்திரம்?” என்று நம்மவர் முடிக்கும்போது அதிகாரிக்கே ஒரு கணம் மனசு இளகிவிடும்.

2024 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் ஐபோன். சிலருக்கு அலாரம் சத்தமே இல்லாமல் அடிக்கிறது என்ற புகாரை ஒப்புக்கொண்டு, சரிசெய்துகொண்டிருப்பதாக ஆப்பிள் சொன்னது. அந்தச் செய்தியை நம்மவர் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். கீழே, “எனக்கும் இதே பிரச்னைதான்” என்று ஒரு வரி. போட்டபோது மணி ஒன்பது ஐம்பது. போட்ட இடம் தாம்பரம்.

அப்படியானால் மற்ற நாட்களில் அவரை எழுப்புவது யார்? ஐந்து மணிக்கு முதல் அலாரம் அடிக்கும். தூக்கத்திலேயே கை நீண்டு அதை அணைக்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் அதே கை. அந்தக் கைக்கு மூளையிலிருந்து உத்தரவு எதுவும் தேவையில்லை. பால்காரர் மணியடிப்பார், அதற்கும் அசைவு இருக்காது. மோட்டார் ஓடும், குக்கர் விசில் அடிக்கும். கடைசியில் அடுக்களையிலிருந்து, “ஏங்க… மணி ஆறு!” மணி அப்போது ஐந்தரைதான் ஆகியிருக்கும். ‘வேலை போய்விடும்’ அலாரம்கூட அசைக்காத உடம்பு இதற்கு வாரிச்சுருட்டிக்கொண்டு எழும். அரை மணி கூட்டிச் சொல்வது அந்த வீட்டில் கல்யாணமான புதிதிலிருந்து இருக்கிற ஏற்பாடு. இன்றுவரை அதில் ஒரு பிழையும் வந்ததில்லை.

மனைவி ஒரு வாரம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். ஆபீஸ் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. நம்மவர் அந்த வாரம் முழுக்க எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், கண்கள் மட்டும் கோவைப்பழம். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. போன் அடிக்குமோ அடிக்காதோ என்ற பயத்தில், அரை மணிக்கொரு தரம் எழுந்து அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். நாலு மணிக்குமேல் எதற்குப் படுப்பானேன் என்று குளித்துவிடுவாராம்.

ஊரிலிருந்து திரும்பிய அம்மாள் முதல் வேலையாக ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி வந்தார். குஜராத்தின் மோர்பியில் செய்த பிளாஸ்டிக் கடிகாரம். ஒரே ஒரு செல். அப்டேட் கிடையாது, பேட்டரி சேவர் கிடையாது, லெபனானில் என்ன நடந்தாலும் அதற்குக் கவலை கிடையாது. ஐந்து மணிக்கு அடித்தது. மறுநாளும் அடித்தது. அலமாரி உச்சியில் வைத்திருந்ததால் எழுந்து போய்த்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

நம்மவருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. முள் ஓடுகிற சத்தம் தூங்க விடவில்லை என்றார். பச்சை ரேடியம் கண்ணைக் குத்துகிறது என்றார். அந்த வாரக் கடைசியில் கடிகாரம் இரண்டேகாலில் நின்றிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே செல் இல்லை.

“செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுக்குப் போட்டேன்” என்றார். “ராத்திரி மேட்ச் இருந்துச்சு.”