குள்ளர் வீடும் மச்சான் அளவுகோலும்

இடிபாடுகளைப் படமெடுப்போருக்கு அயர்லாந்து ஒரு புண்ணிய பூமி. ஆறாம் நூற்றாண்டில் புனித கெவின் தோற்றுவித்த கிளெண்டலாக், அதே நூற்றாண்டில் ஷானன் ஆற்றங்கரையில் புனித கியரான் நிறுவிய குளொன்மக்னாய்ஸ் முதலிய துறவுமடங்கள் அங்கே கூரையிழந்து புல் முளைத்து நிற்க, அவற்றின் வட்டக்கோபுரங்களை, அதாவது தரையிலிருந்து ஓராளுக்கு எட்டாத உயரத்தில் வாயில் வைத்துக் கட்டப்பட்ட கல் மணிக்கூண்டுகளை, படமெடுத்துச் செல்ல உலகத்தார் திரண்டு வருகின்றனர். பழனிமலைத் தொடரில், கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே உள்ள செண்பகனூரில் இந்த ஏற்பாடு தலைகீழாக அமைந்துவிட்டது. இங்கே துறவியர் இல்லம் கூரையோடும் சமையற்கட்டோடும் நலமாகவே இருக்கிறது. இடிபாடுகளோ அதைவிட ஈராயிரம் ஆண்டேனும் மூத்தவை. அவற்றைத் தேடிக்கொண்டு காட்டுக்குள் போனவர்கள் அந்தத் துறவியரே.

இயேசு சபையார் 1895-இல் இங்கு நிறுவிய திருஇருதயக் கல்லூரி, குருத்துவத்துக்குப் பயில்வோருக்கான இல்லம். ஆயினும் இறையியலில் எஞ்சிய நேரத்தையெல்லாம் பாம்பு, பட்டாம்பூச்சி, பெரணி, ஆர்க்கிட் ஆகியவற்றுக்குக் கொடுத்த பெருமை இதற்கு உண்டு என்பதை அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நுழைந்தவுடன் ஊகித்துவிடலாம். இந்த வரிசையில் வந்தவர்களே ஆங்லாத், நியூட்டன் என்னும் இரு பாதிரியார்கள். பழனிமலையின் கல்திட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடி அளந்து இவர்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை தன் ஆய்வேடுகளின் வரிசையில் 36-ஆவதாக 1928-இல் வெளியிட்டது. உயிர்த்தெழுதலைப் போதிக்க வேண்டியவர்கள் பிறருடைய கல்லறைகளை நாடாவால் அளந்து திரிந்ததில் முரண் ஏதும் இருப்பதாக அவர்களுடைய மேலிடம் கருதியதாகத் தெரியவில்லை.

கல்திட்டை என்பது பலகைக் கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு பெரிய மூடுகல்லைக் கிடத்தி அமைத்த பெருங்கற்கால ஈமச் சின்னம். தமிழகத்தில் இவை பெரும்பாலும் இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை, அதாவது கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆயிரம் ஆண்டுகளை ஒட்டியவை என்பது ஆய்வாளர் கணிப்பு. உடன் வரும் வழிகாட்டியின் கணிப்போ ஐயாயிரத்தில் தொடங்கி, கேட்பவர் வாய் பிளக்கும் அளவுக்கேற்ப உயரும். இம்மலைத்தொடர் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கரும்பாறையால் ஆனது என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும். கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னாக் என்னும் கும்பினி அதிகாரியின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலாளர், அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். ஆக, கல்லறைக் கல்லின் பெயரைப் பெற்ற பாறையிலேயே பழனிமலைக் கல்லறைகளும் பிறந்திருக்கின்றன. அறிவியல் தெரியாமல் செய்துவிடும் நகைச்சுவைகளில் இது உயர்தரமானது.

மக்கள் இவற்றைக் கல்லறையென்று ஒப்புக்கொள்வதில்லை. இம்மலையிலுள்ள பெத்துப்பாறை என்னும் ஊரில் இவை குள்ளர் குகை. வேறு இடங்களில் குள்ளர் வீடு அல்லது பாண்டவர் வீடு. தவழ்ந்துதான் நுழைய முடிகிறது என்றால் அதில் வாழ்ந்தவர்கள் குள்ளர்களாகத்தானே இருக்க வேண்டும் என்பது வாதம். அத்தனை சிறியவர்கள் இத்தனை பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள் என்று மடக்கினால், உருவம்தான் குள்ளம், பலம் பூதத்தினுடையது என்று விடை வரும். இதற்கு மேல் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. பாண்டவர் கட்சியினரின் வழக்கு இன்னும் எளிது, வனவாசத்தில் தங்க இடம் வேண்டாமா? அயர்லாந்திலும் கல்திட்டைகள் உள்ளன; அங்கே அவை டியார்முய்ட், கிரானியா என்னும் காதலர் ஊரைவிட்டு ஓடியபோது இரவுதோறும் படுத்துறங்கிய கட்டில்கள் எனப்படுகின்றன. கடல்கள் பல கடந்து இரு நாட்டாரும், ஆளில்லாக் கல்வீட்டைக் கண்டவுடன் தலைமறைவாக இருந்தவர்களின் முகவரி அது என்றே முடிவு கட்டியிருப்பது வியப்புக்குரியது. கிளேர் மாவட்டத்துப் போல்னப்ரோன் கட்டிலை 1980-களில் அகழ்ந்து பார்த்தபோது முப்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. காதலருக்கு அங்கே தனிமை வாய்த்திருக்காது.

இனிப் படமெடுத்தல். ஒரு கல்லின் படத்தில் அதன் பருமனை உணர்த்தக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டிய அளவுகோலை அருகில் நிறுத்துவதும், வடக்கு எது என்று காட்ட அம்புக்குறி வைப்பதும் தொல்லியலாளர் வழக்கம். இன்று பெத்துப்பாறைக்கு வருவோர் இவ்விரண்டுக்கும் பதிலாக ஒரு மச்சானை நிறுத்துகின்றனர். மச்சான் என்னும் அளவுகோல் ஊருக்கு ஊர் உயரம் மாறுவது. கேமராவைக் கண்டவுடன் மூச்சை இழுத்து வயிற்றை உள்வாங்கிச் சுருங்குவது. பல வேளைகளில் கல்லையே முழுவதும் மறைத்துவிடுவது. ஆதலால் அப்படங்களைக் கொண்டு கல்திட்டையைப் பற்றி ஒன்றும் அறிய முடியாவிட்டாலும், தமிழ் ஆடவரின் சட்டை ரசனை குறித்துப் பிற்கால ஆய்வாளர் நிறையவே அறியக்கூடும்.

இயற்கையும் தன் பங்கை ஆற்றுகிறது. வெளிச்சம் சரியாக விழுந்தது என்று கேமராவை உயர்த்தும் கணத்தில் மூடுபனி ஏறி வந்து கல், மரம், மச்சான் அனைத்தையும் ஒரே வெண்மையில் கரைத்துவிடும். மழைக்காலமாயின் அட்டைகள் காலுறை வழியே ஏறும். உப்பும் சுண்ணாம்பும் அவற்றுக்கு மருந்து என்று தெரிந்தவர்கள்கூட அம்மருந்தை விடுதியில் வைத்துவிட்டு வருவதே மரபு. புதருக்குள் அசையும் கருநிழல் இன்னொரு கல்திட்டை அன்று, காட்டுமாடு என்று தெரிய வரும்போது, ஆய்வு உடனடியாக நிறைவு பெறும். நிலைகுலையாது உள்ளே குனிந்து பார்ப்பவருக்கு மூடுகல்லின் அடியில் ஈரப்பாசியும், மூலையில் ஆட்டுப் புழுக்கையும், பக்கப் பலகையில் வெள்ளைப் பெயின்ட்டால் அம்பு துளைத்த இதயமும் அதன் இருபுறமும் இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் காணக் கிடைக்கும். டியார்முய்டும் கிரானியாவும் இங்கும் வந்திருக்கிறார்கள்.

சிரிப்புக்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு. கீழ்மலைத் தாண்டிக்குடியில் தொல்லியலாளர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஈமச் சின்னங்களிலிருந்து சூதுபவள மணிகள் வெளிப்பட்டன. அக்கல் இம்மலையில் விளைவதன்று. ஆகவே மிளகும் ஏலமும் மணக்கும் இந்தச் சரிவுகள் அன்றே தொலைதூர வாணிகத்தோடு தொடர்பு கொண்டிருந்தன என்று கருத இடமுண்டு. அதைச் சொல்லக்கூடிய சான்று முழுவதும் இப்பலகைக் கற்களுக்கு அடியில்தான் கிடக்கிறது. புதையல் தேடியவர்களும், வேலிக்கும் படிக்கும் கல் தேடியவர்களும் அதில் ஒரு பகுதியை ஏற்கெனவே கலைத்துவிட்டனர். எனவே கேமராவுடன் பழனிமலை ஏறுவோருக்கு ஒரு வேண்டுகோள்: மூடுகல்லின்மேல் ஏறி நிற்காதீர்கள், படத்துக்குக் கீழே இடமும் நாளும் திசையும் குறித்து வையுங்கள், மச்சானைத் தவிர்க்க முடியாவிட்டால் அவருடைய உயரத்தையாவது சென்டிமீட்டரில் எழுதி வையுங்கள்.