அடுத்தவங்க அலமாரியில காசு

வா ஆத்தா, உட்காரு. அடுத்தவங்க வீட்டு அலமாரியத் தொறந்து, இத வச்சுக்கோ, அதத் தூக்கிப் போடுன்னு சொல்றதுக்குக் காசு வாங்கப் போறியாமே! ஒங்க பாட்டி காலம் பூரா அதத்தான் ஓசியில செஞ்சா. பில்லு போடணும்னு பாவம் அவளுக்கு யாரும் சொல்லித் தரல.

கேலி பண்ணல தாயி, நல்ல தொழிலுதான். அமெரிக்காவுல 1980கள்லயே இதுக்குச் சங்கம் வச்சுட்டாங்க. நீ மாரி கொண்டோன்னு சொன்னப்ப, பிரிக்பீல்ட்ஸ்ல ஏதோ புது கொண்டோ எழும்புது போலன்னு நெனச்சேன். ஜப்பான்காரப் பொண்ணாமே. 2011ல புத்தகம் போட்டு, 2019ல நெட்பிளிக்ஸ்ல வந்து, மனசுக்குச் சந்தோஷம் தராத சாமானுக்கு நன்றி சொல்லி அனுப்பிருன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினவ. மூணு புள்ளயப் பெத்தப்புறம், வீட்ட ஒழுங்கு பண்றத ஓரளவுக்கு விட்டுட்டேன்னு 2023ல அவளே சொல்லிட்டா. அதனால அவ பொழப்பு ஒண்ணும் கெடல. தைரியமா எறங்கு.

ஆனா ஒண்ணு. ஒன் ரூம நீ காலி பண்ணினதுல பெரிய சாமர்த்தியம் இல்ல. ஒன் சாமான், ஒன் இஷ்டம். ஒங்கம்மா எவர்சில்வர் தூக்கும் அதோட போச்சு, அது தனிக் கத. அடுத்தவங்க வீட்டுல ஒரு பழைய ரப்பர்பேண்ட வீசக்கூட ஒனக்கு உரிமை கெடையாது. அங்க ஒனக்குக் கூலி காதுக்குத்தான்.

கிள்ளான் பக்கம் வயசான பொம்பள இருக்குற எந்த பிளாட்டுக்காச்சும் போய்ப் பாரு. சமையக்கட்டு மூலையில அம்மிக்கல்லு கெடக்கும். மொளகா அரைக்க மிக்சி வந்து முப்பது வருசமாச்சு, கல்லு மட்டும் நகரல. தோட்டத்த வித்து வீடு கட்டினப்ப லயத்தக் காலி பண்ணிட்டு வந்த சனம் அது. இரும்புப் பெட்டி, பால் வாளி, மரம் சீவுன கத்தி, அம்மி, எல்லாத்தையும் லோரியில ஏத்திட்டு வந்து மாடி மேல வச்சிருக்கு. அந்தக் கல்லக் காட்டி, “இது சந்தோஷம் தருதா பாட்டி”ன்னு கேட்டுப் பாரேன். கொழவி எந்தப் பக்கம் பறக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நீ செய்ய வேண்டியது, பக்கத்துல உட்காந்து தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறது. எந்தத் தோட்டம், கங்காணி யாரு, கோயில் திருவிழாவுல யாரு காவடி எடுத்தா, எல்லாம் கேளு. ரெண்டாவது கோப்ப தேத்தண்ணியில பாட்டியே சொல்லும்: “அந்தக் கெட்டுப்போன டிவியத் தூக்கிட்டுப் போ கண்ணு, எடத்த அடைக்குது.” அம்மியில கை வைக்காத. அது இருந்துட்டுப் போகட்டும்.

அப்புறம், காகிதம். இங்க வெளாட்டு வேணாம். மஞ்சப் பையில சுருட்டி வச்ச பழங்காகிதத்த நீ குப்பைன்னு நெனப்ப. உள்ள பொறப்புப் பத்திரம் இருக்கும், செவப்பு ஐசி இருக்கும், தோட்டத்துச் சம்பளச் சீட்டு இருக்கும், செத்துப்போன தாத்தாவோட இபிஎப் கணக்கு இருக்கும். நம்ம சனத்துல பத்திரம் இல்லாம, குடியுரிமை இல்லாம நின்னவங்க எத்தன பேருன்னு தெரியுமா? அவங்களப் பதியுறதுக்குன்னே 2011ல மைடாப்தார்னு அரசாங்கம் ஓர் இயக்கம் நடத்துச்சு. எங்கயோ கெடக்குற ஒரு பழைய சீட்டுதான் பேரப்புள்ளைக்கு ஆதாரம். ஒவ்வொரு தாளா விரிச்சுப் பாத்து, வீட்டுக்காரங்க கையில குடுத்துட்டு மறுவேல பாரு. பழைய சாமி படமும் அப்படித்தான். ஒடஞ்ச கண்ணாடியோட மரத்தடியில வச்சுட்டு ஓடி வராத. தனிப் பெட்டியில போட்டு, என்ன செய்யலாம்னு அவங்களையே கேளு.

சரி, எடுத்த சாமான் எங்க போகும்? இதுதான் கெட்டிக்காரி பொழைக்கிற எடம். கறுப்புப் பையில கட்டி வாசல்ல வைக்க யாராலயும் முடியும். பிரிக்பீல்ட்ஸ் கோலாலம்பூர்ல இருக்கு. அங்க 672ஆம் சட்டப்படி 2015 செப்டம்பர்லேர்ந்து குப்பையப் பிரிச்சுத்தான் வைக்கணும், அள்ளுறது ஆலாம் புளோரா கம்பெனி. கிள்ளான் சிலாங்கூர். அந்தச் சட்டம் வந்தப்ப சிலாங்கூர் அத ஏத்துக்கல, அங்க அள்ளுறது கேடிஇபி. 2024ல கிள்ளான அரச மாநகரமா ஆக்கிட்டாங்க, ஆனாலும் பின்சந்துல மெத்தை கெடக்கு பாரு, அதுக்குக் கிரீடம் வைக்க ஆளில்ல. ஆக, எந்த ஊரு, எந்த லோரி, எந்த நாளுன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோ. துணிக்கு க்ளோத் தொட்டி இருக்கு. பேப்பருக்கு, மைக்குல “பேப்பர் லாமா”ன்னு கத்திட்டு வர்ற வேன்காரன். பித்தளை, செம்பு காயலாங்கடைக்கு. பழைய ரேடியோ, தகர டப்பா மாதிரி சாமானுக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் பழம்பொருள் சந்தையில ஆசப்பட்டவன் இருப்பான். வித்த காசு யாருக்குன்னு மொதல்லயே எழுதி வாங்கிரு, இல்லேன்னா அம்பது வெள்ளிக்காக ஒரு வாடிக்கை போயிரும்.

இன்னொண்ணு, அவங்க வீட்டு அலங்கோலத்தப் படம் புடிச்சு பேஸ்புக்ல போடாத. கேட்டுட்டுப் போடு. ஒன் அலமாரியப் படம் புடிச்சு நான் போட்டா சும்மா இருப்பியா?

தொழில எஸ்எஸ்எம்ல பதிஞ்சுரு. ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதியணும்னு 1956ஆம் வருசச் சட்டமே இருக்கு. ஐசியில உள்ள ஒன் பேர்லயே நடத்துனா வருசத்துக்கு 30 வெள்ளி, ஸ்டைலா பேரு வச்சா 60. பேருக்கு மட்டும் முப்பது வெள்ளி, யோசிச்சுக்கோ. நாற்காலி மேல ஏறி எறங்குற வேல, அதனால சொக்சோவுல சொந்தத் தொழில்காரங்களுக்கான காப்புல சேந்துக்கோ. தெக்குன்ல நம்மவங்களுக்குன்னு ஸ்புமி கடன் இருக்குன்னு எவனாச்சும் காதுல ஓதுவான். உண்மதான், இருக்கு. ஆனா இப்ப ஒனக்கு எதுக்குக் கடன்? கையுறை, முகமூடி, பை, மார்க்கர் பேனா, இதுக்கா? வேன் வாங்காத. லோரிய வாடகைக்கு எடு, அந்தக் காச பில்லுல தனியாப் போடு.

மணிக்கு இவ்வளவா, அறைக்கு இவ்வளவா, அத நீ முடிவு பண்ணிக்கோ. வாசப்படி தாண்டுறதுக்கு முன்னாடி சொல்லிரு, அவ்வளவுதான். மொத போன் ஒங்க அத்தைகிட்டேர்ந்துதான் வரும். “சும்மா வந்து பாத்துட்டுப் போடி, மீன் கொழம்பு வச்சிருக்கேன்”னு சொல்லுவா. போ. கொழம்பு ஊத்துறதுக்கு முன்னாடியே வெலயச் சொல்லிரு.